மாமாவின் முகம் தைத்த சைக்கிள் பை

என் மாமா தேர்தலில் நின்றபோது சுற்றிய தெருக்களைவிட, தோற்ற பிறகு சுற்றிய தெருக்கள்தான் அதிகம். நடந்து சுற்றவில்லை. என் சைக்கிளின் பின் சில்லுக்குப் பக்கத்தில், வெள்ளைத் தொப்பியோடு, ஒரு காது வெட்டுப்பட்டு, வாய் நிறையச் சிரித்தபடி சுற்றினார். ஓட்டியவள் நான். அந்த முகத்தை அங்கே கொண்டுவந்து தைத்தவர் அவருடைய சொந்தத் தங்கை, அதாவது என் உம்மா. குடும்பத்துக்கே அவமானம் என்று அப்போது சொன்னவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அதைவிடப் பெருமையான வாகனம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

எங்கள் வீடு மருதமுனையில் இருந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அப்படி மாமா அடுத்த தெருவில் மாமியின் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் வீடும் வீட்டைச் சுற்றிய வளவும் வளவில் நின்ற மாமரமும் உம்மாவின் பெயரில் இருந்தன. வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு மாமாதான் பெரிய ஆள் என்று ஊர் நினைத்தது. மாமாவும் அப்படியே நினைத்தார். உம்மா என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் மாமா நேரே எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார். சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கிழமைக்கான தீர்ப்புகளையும் சொல்லிவிட்டுப் போவார்.

உள்ளூராட்சித் தேர்தலில் மாமா சுயேச்சையாக நின்றார். ஊரெல்லாம் அவருடைய பேனர் தொங்கியது. ஒரு கையைத் தூக்கிச் சிரிக்கும் மாமா; பக்கத்தில் பச்சை எழுத்தில், 'பெண் பிள்ளைகளின் கல்வியே எமது முதல் பணி'. தோற்றதும் அந்தப் பேனர்கள் எல்லாம் சுருண்டு எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தன. மாமி தன் வீட்டில் வைக்க விடவில்லையாம். தோற்ற முகத்தை நாள் முழுக்கப் பார்க்க அவருக்கு ஏலாதாம். உம்மா ஒன்றை விறகுக் குவியலுக்குப் போர்த்தினார், இன்னொன்றைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாக்கினார். நல்ல தடித்த பேனர், மாரி மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே போகாது. காலையில் கோழிகள் மாமாவின் நெற்றியில் ஏறி நின்று கொக்கரிக்கும்.

எனக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. விஞ்ஞானப் பாட நேரத்தில் நாங்கள் வகுப்பறையைக் கூட்டினோம். எனக்கோ உயர்தரத்தில் உயிரியல் படிக்க வேண்டும். அதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் நன்றாக வர வேண்டும். அதற்குக் கல்முனையில் சனிக்கிழமை காலையில் நடக்கும் கிளாசுக்குப் போக வேண்டும். அதற்குச் சைக்கிள் வேண்டும். என் எதிர்காலம் முழுவதும் இரண்டு சில்லின் மேல் நின்றது.

சைக்கிள் இருந்தது. வாப்பா லீவில் வந்தபோது வாங்கித் தந்தது. முன்னால் இருந்த கூடை ஒரு மாதத்தில் கழன்று விழுந்தது. பின் சில்லின் கம்பிகளை மூடிய பிளாஸ்டிக் வலை அதற்கு முன்பே உடைந்து போயிற்று. புத்தகப் பையை ஒரு தோளில் மாட்டி, கணுக்கால் வரை தொங்கும் ஹபாயாவை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து, மற்றக் கையால் சைக்கிளைப் பிடித்து ஓட்டுவேன். சர்க்கஸ்காரிகள்கூட அவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கச்சான் அடித்த காலம். வயல் பக்கத்தால் வரும் அந்தச் சூட்டுக் காற்றை எங்கள் கரையில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கண், வாய், காது எல்லாம் மணல். கிளாஸ் முடிந்து திரும்பி வந்து, சந்தித் தேநீர்க் கடையைத் தாண்டும்போது தோளிலிருந்து பை வழுக்கியது. அதைப் பிடிக்க ஹபாயாவை விட்டேன். காற்று அதை அப்படியே தூக்கிச் சில்லுக்குள் கொடுத்தது. சர்ரென்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் நான் தார் ரோட்டில் கிடந்தேன், என் மேல் சைக்கிள் கிடந்தது, விஞ்ஞானக் கொப்பி ரோட்டோரக் கானுக்குள், ஊத்தைத் தண்ணீரில் கிடந்தது.

கடையிலிருந்த அத்தனை பேரும் எழும்பினார்கள். பெண் பிள்ளை என்பதால் ஒருவரும் கை கொடுக்கவில்லை, எல்லாரும் புத்தி மட்டும் கொடுத்தார்கள். "புள்ளயளுக்கு ஏன் இந்தச் சைக்கிள்?" "வாப்பா இல்லாத வீடு, அதான் இப்பிடி." முழங்காலில் இரத்தம் வடிந்துகொண்டிருக்க, இதையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அப்போது கடைக்குள்ளிருந்து மாமா ஓடி வந்தார். கையில் தேநீர்க் கோப்பை அப்படியே இருந்தது.

மாமா என் முழங்காலைப் பார்க்கவில்லை. ரோட்டில் குந்தியிருந்து என் கணுக்காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால் வெளியே தெரிந்ததா என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்து எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இரத்தம் ஒழுகும்போதும் இவருக்கு மானம்தானா? பார்த்து முடித்த பிறகுதான் அவருக்குக் கோபமும் வந்தது. கடைக்காரரிடம் கத்தி வாங்கி, சில்லில் சுற்றிய துணியை வெட்டி, சைக்கிளை எங்கள் வீட்டுக்கு உருட்டி வந்தார். தன் மோட்டார் சைக்கிள் சங்கிலியால் அதன் முன் சில்லை மாமரத்தோடு சேர்த்துப் பூட்டினார். பூட்டின் திறப்பைச் சேர்ட் பொக்கற்றில் போட்டார்.

"இனி இந்தப் புள்ள சைக்கிள்ல ஏறப்படாது. கிளாசும் தேவல்ல. இருக்கிற பள்ளிக்கூடத்துல படிச்சது காணும்."

உம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமா போன பிறகு என் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். நான் அழுதேன். வலியால் அல்ல. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் இப்படித்தான், முதலில் கிளாஸை விட்டார், பிறகு பாடசாலையை விட்டார், பிறகு வீட்டுக்குள்ளிருந்து தன் கலியாணத்துக்குத்தான் வெளியே வந்தார். எனக்கு வழி தெரிந்திருந்தது.

உம்மா அழாதே என்று சொல்லவில்லை. கிழிந்த ஹபாயாவைக் கையில் எடுத்துக் கரையை விரித்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் மாட்டினது?"

"இடப்பக்கம்."

"போகக்குள்ளயா, வரக்குள்ளயா?"

"வரக்குள்ள."

"அதுதானே பாத்தன். பகலைக்குக் கச்சான் எழும்பிரும். வரக்குள்ள வயல் உன்ட இடக்கைப் பக்கம் இரிக்கி. காத்து சீலையத் தள்ளி நேராச் சில்லுக்குள்ள குடுக்கும். மாரி வந்தா கடல் பக்கத்துக் காத்து. அப்ப வலப்பக்கம் மாட்டும். ரெண்டு பக்கமும் மூடினாத்தான் சரி."

சைக்கிளில் உம்மா ஏறி நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனாலும் இதை எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உம்மா என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அந்த வயதின் கணக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா சாப்பிட வந்தார். கூடவே பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரையும் கூட்டி வந்தார். மோதினார் வயதான, பகிடிக்காரரான மனிதர். உம்மாவின் இறைச்சிக் கறிக்காக எவர் அழைத்தாலும் வருவார். சோற்றைப் பிசைந்துகொண்டே மாமா, விஷயம் முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்:

"புள்ளட வாப்பாவுக்கும் போன்ல சொல்லிட்டன். அவரும் ஓம் எண்டிட்டார்."

"எனக்கும் ஓம் எண்டுதான் சொன்னார்," என்றார் உம்மா. "நான் சைக்கிள் ஓடட்டும் எண்டு கேட்டன். அதுக்கும் ஓம்தான்."

மோதினார் சிரிப்பை அடக்கக் கத்தரிக்காயை வாய்க்குள் வைத்தார். மாமாவுக்கு முகம் சிவந்தது.

"பொம்புளப் புள்ளக்கு இந்தச் சவாரி எல்லாம் என்னத்துக்கு, தங்கச்சி?"

"அந்தக் காலத்துல பொம்புளயள் ஒட்டகத்துல ஏறிப் பாலைவனத்தையே தாண்டினாங்க, காக்கா. நீங்கதான் மேடையில கதைச்சீங்க. நான் வேலிக்கு இஞ்சால நிண்டு கேட்டன்." அண்ணனை உம்மா காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஒட்டகத்துக்குச் சில்லா இரிக்கி? உடுப்பு மாட்டுறது சில்லுல. சில்லுல உடுப்பு மாட்டாதெண்டு ஆராவது எனக்குக் காட்டட்டும், இந்தத் திறப்பைத் தாறன்."

"மோதினார், கேட்டீங்களா?" என்றார் உம்மா.

"கேட்டன், கேட்டன்," என்றார் மோதினார். "அல்லாஹ்வுக்காகக் கேட்டன்."

மாமா அதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தார். ஏலாத காரியம் ஒன்றைச் சொல்லிவிட்டோம், கதை முடிந்தது என்ற நிம்மதியில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றிச் சாப்பிட்டார். தங்கையை அவர் அவ்வளவு காலம் தெரிந்திருந்தும் தெரியாமல் இருந்தது அன்றைக்குத்தான் வெளிச்சமாயிற்று.

மறுநாளே உம்மா தொடங்கிவிட்டார். கெரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பை. அதற்குள் புத்தகம் போகும், அது சில்லையும் மூடும், துணியும் கம்பிக்குள் போகாது. உம்மா சொன்னது அவ்வளவுதான். கேட்கச் சின்ன விஷயமாக இருந்தது. முதலில் வயலுக்கு உரம் வந்த வெள்ளைச் சாக்கில் ஒன்று தைத்தார். அதைக் கட்டிப் பரீட்சை செய்து பார்த்ததுதான் எங்கள் தெருவுக்கு அந்த வருடத்தின் பெரிய வேடிக்கை.

சங்கிலி முன் சில்லில்தானே இருந்தது, பின் சில்லு சுற்றும். உம்மா சைக்கிளை மாமரத்தடியிலேயே ஸ்டாண்டில் ஏற்றினார். நான் ஹபாயாவைப் போட்டுக்கொண்டு சீட்டில் ஏறி, எங்கேயும் போகாமல் மிதித்தேன். உம்மா இடப்பக்கம் நின்று சுளகால் விசிறினார். நெல் புடைக்கிற அந்தச் சுளகுதான் கச்சான் காற்று. "மிதி! இன்னும் கெதியா மிதி! இப்ப சந்தி வருது!" என்று உம்மா சத்தம் போட, மரத்தில் கட்டிய சைக்கிளில் நான் வேர்த்துக் கொட்டிக் கல்முனை ரோட்டில் பறந்தேன். வேலிக்கு மேலால் தலைகள் முளைத்தன. "என்னடி புள்ள, மரத்தோடயே மக்கத்துக்குப் போறியா?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லாமல் இன்னும் கெதியாக மிதித்தேன்.

சாக்குப் பை தோற்றது. விசிறிய காற்றில் பையே வயிறு ஒட்டி உள்ளே போய்க் கம்பியில் மாட்டியது. "மெது கூடிப்போச்சு," என்றார் உம்மா. "உள்ளுக்கு விறைப்பா ஒண்டு வைக்கணும். வெளியால காத்துக்கு மடங்காத சாமான் வேணும்." இடுப்பில் கை வைத்து வளவைச் சுற்றிப் பார்த்தார். பார்வை போய்க் கோழிக்கூட்டில் நின்றது.

மாமாவைக் கூரையிலிருந்து இறக்கினோம். நான் கோழி எச்சத்தைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவினேன். மாமாவின் கன்னத்தைத் தேய்க்கும்போது கொஞ்சம் பலமாகவே தேய்த்தேன், அதை மறைக்கப் போவதில்லை. காய்ந்த பேனரை உம்மா விறாந்தையில் விரித்து, முழங்காலில் நின்று அளந்தார்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. மஞ்சள் எண்ணெய்க் கேனை வெட்டி விரித்துப் பைக்குள் விறைப்புத் தகடாக வைத்தோம். வாப்பா கட்டாரிலிருந்து கொண்டு வரும் தடித்த கம்பளிகள் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் வரும் அல்லவா, சிப் போட்ட பை. எங்கள் ஊரில் அது இல்லாத அலுமாரி இல்லை. அதைப் பிரித்து உள்ளே மழைக்கு உறை தைத்தார், சிப்பை வாயில் வைத்தார். உடைந்த வாளிகளின் கம்பிப் பிடிகளைக் குறட்டால் வளைத்துக் கெரியரில் மாட்டும் கொளுக்கி செய்தார். பை ஆடாமல் இருக்க அடியில் பழைய டியூப் ரப்பர். தையல் மெஷினின் ஊசி இரண்டாவது தையலிலேயே முறிந்தது. அதனால் சாக்கு ஊசியை எடுத்து, வலை பின்னும் நைலோன் நூலைக் கோத்து, உள்ளங்கையில் பழைய செருப்புத் துண்டு ஒன்றை வைத்து ஊசியை அழுத்தித் தள்ளினார்.

தைக்கும்போது ஒரு காலை நீட்டி உட்காருவார். குதிக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கமாக, சரிவாக ஒரு பழைய தழும்பு அவருக்கு இருந்தது. சின்ன வயதில் தறி மிதித்தபோது பட்டது என்று சொல்லியிருந்தார். நெசவு ஊரான எங்கள் ஊரில் யாருக்கு எந்தத் தழும்பு இருந்தாலும் தறியின் மேல் போட்டுவிடலாம், யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

வெட்டும்போதுதான் எனக்கும் உம்மாவுக்கும் சண்டை வந்தது. பேனரில் வெறும் வெள்ளை நிறைய இருந்தது. உம்மாவோ வெட்டுக்கோடு போடும் சோக்கட்டியை மாமாவின் முகத்தைச் சுற்றி ஓட்டினார்.

"உம்மா, மாமாட மொகம் வெளியால வருது!"

"வரட்டும்."

"மற்றப் பக்கமாத் திருப்பித் தையுங்களன். பொடியனுகள் சிரிப்பானுகள்."

"மை பூசின பக்கம்தான் தண்ணி பிடிக்காது. சும்மா கதைக்காம நூலைப் பிடி."

முன் ஓரத்தை நேராக விடாமல் உம்மா சரிவாக வெட்டினார். ஏன் என்று கேட்டேன். "நேரா விட்டா மிதிக்கக்குள்ள குதி படும். குதி பட்டாக் கால் வழுக்கும். கால் வழுக்கினா…" என்று சொல்லி நிறுத்தினார். அந்தச் சரிவில் மாமாவின் ஒரு காது போயிற்று. ஐயோ காது என்றேன். "போகட்டும். இரிந்தும் என்ன, நம்மட கதையக் கேக்கவா போகுது?" என்றார் உம்மா. நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள்ளும் எனக்குப் பயம் இருந்தது. இது சரிவராவிட்டால் சனிக்கிழமை இல்லை, உயிரியல் இல்லை, மாமரத்தடிதான்.

இடப்பக்கப் பையில் மாமாவின் முகம். வலப்பக்கப் பையில் பச்சை எழுத்து, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து மாமாவும் மோதினாரும் கடப்பைத் திறந்து உள்ளே வந்தபோது, நான் மாமரத்தடியில் ஹபாயாவோடு சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தேன். உம்மா சுளகோடு நின்றார். மோதினார் முதலில் வலப்பக்கம் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாங்கு சொல்லும் அதே குரலில், தெருவுக்கே கேட்க வாசித்தார்.

"பெண் பிள்ளைகளின் கல்வியே எமது முதல் பணி!"

வாசித்துவிட்டு இடப்பக்கம் வந்து அந்த முகத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற அசல் முகத்தைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்," என்றார். "ஒரு காது மட்டும் கொறையுது." சொல்லிவிட்டு மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலிக்கு அங்காலும் சிரிப்புக் கேட்டது.

மாமா சிரிக்கவில்லை. "தங்கச்சி, என்ட மொகத்தைச் சில்லுல கட்டி ரோட்டுல இழுத்தா ஊர் என்ன சொல்லும்?"

"ஓட்டுக் கேக்கக்குள்ள இந்த மொகத்தை ஊர் மதிலெல்லாம் கட்டினீங்களே காக்கா. அப்ப ஊர் என்ன சொன்னது?" உம்மாவின் குரல் உயரவில்லை. "இந்தச் சொல்லு மதிலுக்கு மட்டுந்தானா? அப்பிடியெண்டா சொல்லுங்க, இப்பவே பிரிச்செடுத்துக் கோழிக்கூட்டுக்குப் போடுறன். இல்ல, இது உங்கட சொல்லுத்தான் எண்டா, இந்த ரோட்டுல இதைக் கொண்டு போற ஒரே ஆள் என்ட புள்ளதான்."

மேடையில் அவ்வளவு கதைத்த மாமா குனிந்து, தன் பச்சை எழுத்தைத் தானே ஒரு தரம் வாசித்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் தட்டவில்லை.

"இந்தாங்க," என்று உம்மா சுளகை நீட்டினார். "உடுப்பு மாட்டாதெண்டு காட்டச் சொன்னீங்க. நீங்களே வீசிப் பாருங்க."

மாமா சுளகை வாங்கினார். நான் மிதித்தேன். அவர் இடப்பக்கம் நின்று விசிறினார். மெதுவாக அல்ல, தோற்கடிக்கும் வேகத்தோடு விசிறினார். ஹபாயா பறந்தது, போய்ப் பையில் மோதியது, வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடியும் விசிறினார். மறுபடியும் மாமாவின் சொந்தக் கன்னத்திலேயே மோதி விழுந்தது. சில்லு எந்தத் துணியையும் தொடவில்லை. வலப்பக்கமும் போய் விசிறிப் பார்த்தார். பிறகு திரும்ப இடப்பக்கம் வந்து, குனிந்து, பையின் சரிவான ஓரத்துக்கும் என் குதிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். என் கால் மேலே வரும்போதும் கீழே போகும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார். சுளகு அவர் கையில் நின்றுவிட்டது. விசிறிக் களைத்துவிட்டார், தோற்ற ஆத்திரம் வேறு என்று நினைத்தேன்.

நிமிர்ந்து, பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதை உம்மாவின் கையில் வைத்தார். சோறு சாப்பிடாமலே போய்விட்டார். இறைச்சிக் கறி முழுவதும் மோதினாருக்கு வாய்த்தது.

மறுநாள் கல்முனைக்குப் போனேன். தோளில் ஒன்றும் இல்லை, ஹபாயாவைக் கொத்தாகப் பிடிக்கவில்லை, இரண்டு கையும் ஹாண்டிலில். திரும்பி வரும்போது கச்சான் அடித்தது. சந்தித் தேநீர்க் கடைக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். மாமாவின் முகம் கடைப் பக்கம் இருந்தது. "வாறாரு, வாறாரு, எங்கட ஆள் வாறாரு!" என்று ஒருவர் கூவினார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சைக்கிள் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். சொல்ல நினைத்தவர்களும், வேட்பாளரின் வாக்குறுதியை எதிர்த்துக் கதைக்கிற மாதிரி ஆகிவிடும் என்று தேநீரைக் குடித்தார்கள். நான் மணியை அடித்துக்கொண்டு தாண்டினேன்.

அதன் பிறகு என் கிளாஸில் படித்த பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சுருட்டிய பேனர். தேர்தலில் நின்றவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள், எல்லார் வீட்டிலும் விறகுக்குப் போர்த்திய ஒரு முகம் இருந்தது. உம்மா கட்சி பார்க்காமல் தைத்துக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் கல்முனை ரோட்டில் நாங்கள் வரிசையாகப் போகும்போது, மேடையில் ஒருவரை ஒருவர் திட்டியவர்கள் எல்லாம் எங்கள் சில்லுகளுக்குப் பக்கத்தில் ஒற்றுமையாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த தேர்தலுக்கு மாமாவே ஒரு புதுப் பேனரைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். "பழசு வெளிறிப் போச்சு," என்று மட்டும் சொன்னார். அந்த முறை அவருக்குப் பெண்களின் வாக்கு கூடியதாம். ஆனாலும் தோற்றார்.

இவ்வளவும் எங்கள் வெற்றிக் கதை. பல வருடங்கள் இதை நான் இப்படித்தான் சொல்லித் திரிந்தேன். மாமா வில்லன், உம்மா வீராங்கனை, நான் அவருடைய படை.

உயிரியல் படித்தேன். இன்று ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தபோது கால் சில்லுக் கம்பிக்குள் போய்விட்டது. குதிக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கமாக, சரிவாக ஒரு வெட்டு. இரத்தத்தைத் துடைத்துப் பார்த்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த இடத்தை எனக்குத் தெரியும். அந்தச் சரிவையும் தெரியும். தறி மிதிக்கிறவர்களுக்கு அந்த இடத்தில் காயம் வராது.

அந்தக் கிழமையே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "உம்மா, உங்கட கால்ல பட்டது எந்தத் தறி?"

உம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "உன்ட மாமாட சைக்கிள்தான் தறி."

உட்கார்ந்து சொன்னார். உம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாமாவுக்கு ஒரு சைக்கிள் இருந்தது. வீட்டில் பெரியவர்கள் பகல் நித்திரை கொள்ளும் நேரத்தில் மாமாதான் உம்மாவுக்கு ஓடப் பழக்கினார். வயல் ரோட்டில் கெரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார்.

"அண்டைக்கு நான் நல்லா ஓடுறன் எண்டு கையை விட்டுட்டார். அப்ப ஹபாயா எங்க? நீளப் பாவாடைதான். கச்சான் காத்து. குதியும் வழுக்கிச்சு, பாவாடையும் மாட்டிச்சு. என்னைத் தூக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்ததும் காக்காதான், அடி வாங்கினதும் காக்காதான். கால் சுகமாக மாசக்கணக்குப் போச்சு. சுகமாகக்குள்ள பள்ளிக்கூடத்துல என்ட பேரை வெட்டிட்டாங்க. வீட்டோட இரி எண்டாங்க. காக்கா மட்டும் எனக்காக அழுதார். அதுக்குப் பிறகு அவர் என்னோட அதைப் பத்திக் கதைச்சதே இல்ல."

"நீங்களும் கதைக்கல்லயா?"

"நான் தச்சுத்தானே காட்டினன்," என்றார் உம்மா.

இதைக் கேட்டதால் மாமா செய்தது சரி என்று நான் சொல்லப் போவதில்லை. பயம் வந்தால் சில்லை மூட வேண்டும். பிள்ளையை மரத்தில் கட்டக் கூடாது. அதை அவர் முகத்துக்கு நேரேயும் சொன்னேன். வயதான மாமா தலையை ஆட்டி, ஓம் என்றார்.

ஆனால் மாமரத்தடியில் சைக்கிளில் ஏறி இருந்த அந்தப் பிள்ளையை நினைக்கிறேன். சைக்கிள் என்னுடையது, கிளாஸ் என்னுடையது, மிதித்து வென்றவளும் நான். அப்படியிருக்க இந்த மனிதர் என் நீட்டிய கையைத் தாண்டிப் போய், திறப்பை ஏன் உம்மாவிடம் கொடுக்கிறார் என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.